நான்கு தோட்டம், ஒரே பாட்டில்: பரோலோவில் மஸ்காரெல்லோ குடும்பத்தின் கணக்கு

2001, இத்தாலியில் பொதுத் தேர்தல் நேரம். நாட்டின் வடமேற்கே ஆல்பா என்ற சிறுநகரில் ஒரு ஒயின் கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் வைத்திருந்த பாட்டிலைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. உள்ளே இருந்த ஒயினில் ஒரு குற்றமும் இல்லை, லேபிள்தான் வினை. கையால் வரைந்து வண்ணம் தீட்டிய அந்த லேபிளில் ‘நோ பாரிக், நோ பெர்லுஸ்கோனி’ என்று எழுதியிருந்தது. பெர்லுஸ்கோனி அந்தத் தேர்தலில் ஜெயித்துப் பிரதமரானவர். பாரிக் என்பது 225 லிட்டர் கொள்ளும் சின்ன ஓக் மரப் பீப்பாய், பிரான்சிலிருந்து வந்த வழக்கம். அரசியல்வாதி ஒருவரையும் பீப்பாய் ஒன்றையும் ஒரே மூச்சில் வேண்டாம் என்று சொன்னவர் பார்த்தோலோ மஸ்காரெல்லோ. அப்போது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். திராட்சைத் தோட்டத்துக்குப் போக முடியாத உடம்பு. உட்கார்ந்த இடத்தில் லேபிள் வரைந்துகொண்டிருந்தார்.

இந்தக் கதை ஒயின் உலகத்தில் பிரபலம். பெரும்பாலும் ‘பிடிவாதக்காரக் கிழவர், கடைசிவரை மசியவில்லை’ என்ற தொனியில் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிடிவாதம் சோறு போடாது. ஊரே ஒரு பக்கம் ஓடும்போது ‘எனக்கு வேண்டாம்’ என்று நிற்க முடிந்தால், நிற்பதற்கு எங்கோ ஒரு தெம்பு இருந்திருக்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஸ்காரெல்லோ என்ற பெயரில் அந்த வட்டாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒயின் வீடுகள் உண்டு. ஜுசெப்பே மஸ்காரெல்லோ என்ற பெயரில் வருவது வேறு வீடு, வேறு தோட்டம். நாம் பேசுவது பரோலோ ஊருக்குள்ளேயே இருக்கும் பார்த்தோலோ மஸ்காரெல்லோவின் வீட்டைப் பற்றி.

ஊரும் பழமும்

பரோலோ ஒரு ஒயினின் பெயர், ஒரு ஊரின் பெயரும்கூட. பீட்மான்ட் மாநிலத்தில் லாங்கே என்ற குன்றுப் பகுதி. ஊரில் எழுநூறு பேர் இருப்பார்கள். பரோலோ ஒயின் செய்ய உரிமையுள்ள ஊர்கள் மொத்தம் 11. பழம் ஒன்றே ஒன்றுதான்: நெபியோலோ என்ற கருந்திராட்சை. வேறு எந்தத் திராட்சையும் கலக்கக் கூடாது என்பது சட்டம். ‘நெபியா’ என்றால் இத்தாலிய மொழியில் மூடுபனி. அக்டோபரில் அந்தக் குன்றுகளில் பனி இறங்கும்போதுதான் இந்தப் பழம் முற்றும் என்பதால் வந்த பெயர் என்பார்கள்.

ஒயின் என்றாலே இனிப்பு என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு உண்டு. பரோலோவை வாயில் வைத்தால் அந்த நினைப்பு ஒரு நொடியில் போய்விடும். இதன் முதல் சுவை துவர்ப்பு. ஆங்கிலத்தில் இந்த உணர்ச்சியை விளக்க நாலு வரி எழுதுவார்கள். நமக்கு அறுசுவையில் அதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது. கடுக்காய், பச்சை வாழைக்காய், நாவல்பழம், கொட்டைப்பாக்கு: நாக்கையும் ஈறையும் இழுத்துப் பிடிக்கும் அதே சங்கதிதான். கூடவே நல்ல புளிப்பு. இவ்வளவு முரட்டுச் சுவை இருந்தால் நிறமும் மையாகக் கறுத்திருக்கும் என்று எதிர்பார்ப்போம். நெபியோலோவில் அப்படி இல்லை. தோலில் இருக்கும் சாயம் சீக்கிரம் காற்றுப்பட்டு மங்கும் வகை. சில ஆண்டுகளிலேயே ஒயினின் ஓரம் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். பார்க்க இளைத்த நிறம், வாயில் வைத்தால் முரடு. தெரியாதவர்களிடம் விற்பதற்கு இதைவிடக் கஷ்டமான சரக்கு கிடையாது. பின்னால் நடந்த சண்டை முழுக்க இந்த ஒரு குணத்திலிருந்து கிளம்பியதுதான்.

தாத்தா, மகன், பேத்தி

குடும்பத்தின் முதல் பெயர் பார்த்தொலொமேயோ. அவர் சொந்தமாக ஒயின் விற்றவர் இல்லை. பரோலோ கூட்டுறவு ஒயின் நிலையத்தின் நிலவறையில் வேலை பார்த்தவர். அவர் மகன் ஜூலியோ முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பி, 1918இல் தனிக்கடை போட்டார். அந்தக் காலத்தில் அந்த ஊரில் குடியானவன் பழத்தைச் சந்தையில் கொடுத்துவிடுவான், ஒயின் செய்து பெயர் போட்டு விற்பது வியாபாரிகள் வேலை. பழம் வாங்குபவர் சொல்வதுதான் விலை. ஜூலியோ அந்தக் கோட்டைத் தாண்டினார். சொந்த நிலம், சொந்தத் தொட்டி, சொந்தப் பெயர். அடுத்த சில பத்தாண்டுகளில் நல்ல சரிவுகளாகப் பார்த்துச் சிறு துண்டுகள் வாங்கிச் சேர்த்தார். பரோலோ ஊர் எல்லைக்குள் கன்னூபி, சான் லொரென்ஸோ, ருவே என்று மூன்று தோட்டம். பக்கத்து ஊரான லா மோர்ராவில் ரொக்கே என்ற சரிவில் ஒன்று. எல்லாம் சேர்த்து, மற்ற ரகத் திராட்சைகளுக்கான நிலத்தையும் கூட்டினால், ஐந்து ஹெக்டேர். நம் கணக்கில் பன்னிரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு.

நூறு வருஷம் கழித்தும் அந்த அளவு பெரிதாக மாறவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவோம்.

ஜூலியோவின் மகன் பார்த்தோலோ. இரண்டாம் உலகப் போரின்போது வாலிபர். பாசிசத்தை எதிர்த்துக் காட்டிலும் குன்றிலும் இருந்து சண்டை போட்ட பார்ட்டிசான் படைகளில் இருந்தவர். 1944 அக்டோபரில் அந்தப் படைகள்தான் ஆல்பா நகரத்தைப் பிடித்து 23 நாள் கையில் வைத்திருந்தன. இடதுசாரி, நிறையப் படிப்பவர், நிறையப் பேசுபவர். பெர்லுஸ்கோனி லேபிள் வயதான காலத்தில் வந்த குறும்பு என்று நினைத்தால் தப்பு. அது அறுபது வருஷத்து அரசியல். தந்தை ஜூலியோ 1981இல் இறந்தார், முழுப் பொறுப்பும் பார்த்தோலோவிடம் வந்தது. 2005இல் அவரும் போனார். 1990களிலேயே வேலைக்கு வந்துவிட்டிருந்த ஒரே மகள் மரியா தெரேசா அன்றிலிருந்து நடத்துகிறார். அவர் படித்தது மொழிகள். ஒயின் படித்தது வீட்டில்.

தொட்டிக்குள் நடப்பது

பார்த்தோலோ எதைக் காப்பாற்றினார் என்று சொல்வதற்கு முன்னால் தொட்டிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும்.

அறுவடையான பழத்தின் காம்பை எடுத்து, நசுக்கி, சிமென்ட் தொட்டிக்குள் விடுகிறார்கள். நான்கு தோட்டத்துப் பழமும் தனித்தனியாகப் போகாது, கலந்தே போகும். தனியாக ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. பழத்தோலிலும் நிலவறையிலும் இருக்கும் ஈஸ்ட்டே நொதிப்பைத் தொடங்கும். இட்லி மாவு பொங்குவது போலத்தான். நொதிக்கும்போது கிளம்பும் வாயு தோலையெல்லாம் மேலே தள்ளிவிடும். ஆடைபோல ஒரு தடித்த அடுக்கு மிதக்கும். அதை அப்படியே விட்டால் காய்ந்து காடியாகிவிடும். ஆகவே தினமும் அடியிலிருந்து சாற்றை எடுத்து மேலே ஊற்றி நனைக்க வேண்டும். நொதிப்பு அடங்கிய பிறகு, பழைய முறையில், பலகைகளைக் குறுக்கே கொடுத்து அந்தத் தோல் அடுக்கைச் சாற்றுக்குள் அமிழ்த்தி வைத்துவிடுவார்கள். அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. ஒரு மாதம், சில ஆண்டுகளில் ஐம்பது நாள்வரைகூடத் தோல் சாற்றோடு கிடக்கும்.

இவ்வளவு நாள் ஊறினால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகுமே என்று தோன்றும். முதலில் ஏறும். ஆனால் நாள் செல்லச் செல்லத் துவர்ப்புத் துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிதாகும். கொஞ்சம் வண்டலோடு அடியில் தங்கும். வாயில் படும் முறை மாறும். சுருக்கென்று பிடிக்கும் துவர்ப்பு, பரவி நிற்கும் துவர்ப்பாகும். இது ஒரு தலைமுறை அனுபவத்தில் கண்டுகொண்டது, பின்னால்தான் வேதியியல் விளக்கம் வந்தது.

அதன்பின் பெரிய மரப்பீப்பாய். இத்தாலியர்கள் ‘போத்தே’ என்பார்கள். ஆள் உயரத்துக்கு மேல், சில ஆயிரம் லிட்டர் கொள்ளும். மரம் ஸ்லவோனிய ஓக், அதாவது குரோவேஷியாவின் கிழக்குப் பகுதியான ஸ்லவோனியாவிலிருந்து வருவது (ஸ்லோவேனியா என்று எழுதுபவர்கள் ஏராளம், அது வேறு நாடு). சட்டப்படி பரோலோ குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். இந்த வீட்டில் மரத்தில் அதைவிட அதிகக் காலம் கிடக்கும்.

பெரிய பீப்பாய், சின்னப் பீப்பாய் என்பதில் அப்படி என்ன சண்டை? ஒரு சின்னக் கணக்கு போதும். 5,000 லிட்டர் போத்தே, 225 லிட்டர் பாரிக்கைவிட 22 மடங்கு பெரிது. ஆனால் உள்பக்க மரப்பரப்பு 8 மடங்குதான் அதிகம். அதாவது ஒரு லிட்டர் ஒயின் தொடும் மரம், பெரிய பீப்பாயில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. தவிர பாரிக்கைப் புதிதாக, உள்ளே நெருப்பில் வாட்டி வாங்குவார்கள். வெனிலா வாசனை, வறுத்த வாசனை எல்லாம் அதிலிருந்து ஒயினுக்குள் இறங்கும். பழைய போத்தே வாசனை எதுவும் தராது. மரத்தின் வழியே மிக மெதுவாகக் காற்றை மட்டும் விடும். பார்த்தோலோவின் கட்சி இதுதான்: நெபியோலோவுக்குத் தனக்கென்று வாசனை இருக்கிறது, ரோஜாவும் தாரும் கலந்த மாதிரி. அதன்மேல் மரத்தின் வாசனையைப் பூச வேண்டாம்.

எதிர்க்கட்சியின் நியாயம்

பாரிக்கைக் கொண்டுவந்தவர்களைத் துரோகிகளாகக் காட்டும் கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

போருக்குப் பிந்தைய லாங்கே இன்றைக்கு நாம் படத்தில் பார்க்கும் லாங்கே கிடையாது. வறுமையான ஊர். மகன்கள் ஆல்பாவில் ஃபெரேரோ சாக்லேட் ஆலைக்கும், டூரினில் ஃபியட் கார் ஆலைக்கும் போனார்கள். மாதச் சம்பளம் வருகிற வேலையை விட்டுவிட்டுச் சரிவில் கொடி கட்ட யார் வருவார்கள்? பழத்துக்கு விலை இல்லை, ஒயினுக்கும் பெரிதாக இல்லை. இதில் இன்னொரு உண்மையும் உண்டு. ‘பாரம்பரிய முறை’ என்று சொல்லி விற்ற ஒயினில் பாதி மோசமானது. கழுவாத பழைய பீப்பாய், பூஞ்சை வாசனை, காடி நெடி. பத்து வருஷம் காத்திருந்து திறந்தால் பழம் செத்துப் போயிருக்கும், துவர்ப்பு மட்டும் மிஞ்சியிருக்கும்.

லா மோர்ராவைச் சேர்ந்த எலியோ அல்தாரே என்ற இளைஞர் 1970களில் பிரான்சின் பர்கண்டிக்குப் போய்ப் பார்த்தார். அங்கேயும் சின்னச் சின்ன விவசாயிகள்தான், ஆனால் அவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள். ஊர் திரும்பி, 1983இல், தந்தையின் பெரிய பீப்பாய்களை மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தால் அறுத்துப் போட்டார். தந்தை அவருக்குச் சொத்தில் பங்கு இல்லாமல் செய்துவிட்டார். அந்த அளவுக்குப் போனது விஷயம். அவரும் அவர் கூட்டாளிகளும் விளைச்சலைக் குறைக்கக் காயாக இருக்கும்போதே குலைகளை வெட்டிக் கீழே போட்டார்கள். பசியைப் பார்த்த பெரியவர்களுக்கு அது பாவமாகத் தெரிந்தது. நம் ஊரில் நெல்லைப் பால் பிடிக்கும்போது அறுத்துப் போட்டால் தாத்தா என்ன சொல்வார், அதேதான். தோலோடு ஊறும் காலத்தை வாரக் கணக்கிலிருந்து நாள் கணக்குக்குக் குறைத்தார்கள், சுழலும் எஃகுத் தொட்டி கொண்டுவந்தார்கள், பாரிக்கில் போட்டார்கள். வந்த ஒயின் நிறம் கறுத்தது, இளசிலேயே குடிக்க இதமானது. அமெரிக்காவில் விலைபோனது.

இடையில் 1986இல் மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து இத்தாலியில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். நச்சு ஒயின் கிளம்பிய இடங்களில் ஒன்று பரோலோ இருக்கும் இதே கூனேயோ மாவட்டம். பரோலோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் வெளிநாட்டில் யாருக்கு அந்த வித்தியாசம் தெரியும்? இத்தாலிய ஒயின் என்றாலே கை பின்வாங்கிய நேரம். ‘நாங்கள் புதியவர்கள், சுத்தமானவர்கள்’ என்று காட்ட வேண்டிய தேவை அப்போது நிஜமாகவே இருந்தது. பாரிக் அதற்கு ஒரு அடையாளச் சீட்டு.

ஆக 1990களின் நடுவில் பார்த்தோலோ போன்றவர்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் சுருங்கிவிட்டார்கள். ஜுசெப்பே ரினால்தி, தெயோபால்தோ கப்பெல்லானோ, ஜொவான்னி கொந்தெர்னோ, இன்னும் சிலர். இதில் கப்பெல்லானோ ஒரு படி மேலே போய், வழிகாட்டி நூல்கள் தன் ஒயினுக்கு மதிப்பெண் போட வேண்டாம் என்ற வேண்டுகோளை லேபிளிலேயே அச்சடித்தார். மதிப்பெண் வாங்க ஊரே வரிசையில் நின்ற காலம் அது.

தெம்பு எங்கிருந்து வந்தது

சரி, கேள்விக்கு வருவோம். இவர்கள் ஏன் நொடித்துப் போகவில்லை?

முதலில் செலவைப் பாருங்கள். ஒரு வீடு வருஷத்துக்கு 20,000 பாட்டில் பரோலோ செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15,000 லிட்டர். இரண்டு வருஷத்து ஒயின் ஒரே நேரத்தில் மரத்தில் இருந்தால் 30,000 லிட்டர். இதைப் பாரிக்கில் வைக்க 133 பீப்பாய் வேண்டும். புதுமரத்தின் வாசனை மூன்று நான்கு தடவைக்குமேல் நிற்காது. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினாலே வருஷத்துக்கு 33 பீப்பாய் வாங்கியாக வேண்டும். இன்றைய கணக்கில் ஒன்று 800 யூரோ என்று வைத்தால் ஆண்டுக்கு 26,000 யூரோவுக்கு மேல், ஆண்டு தவறாமல். அதே ஒயினுக்கு 5,000 லிட்டர் போத்தே ஆறு போதும். ஒருமுறை வாங்கினால் பல பத்தாண்டுகள் உழைக்கும். சிமென்ட் தொட்டி தாத்தா கட்டியது. ‘பழைய முறை’ என்று நாம் பெருமையோடு சொல்வதை, ஒரு கணக்குப்பிள்ளை ‘தேய்மானம் முடிந்த தளவாடம்’ என்று எழுதுவார். இரண்டும் சரிதான்.

அடுத்தது நிலம். ஜூலியோ வாங்கியபோது இருந்த விலை எங்கே, இன்று எங்கே. பரோலோவில் பெயர்பெற்ற சரிவில் ஒரு ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவை எப்போதோ தாண்டிவிட்டது. இன்று கடன் வாங்கி அந்த நிலத்தை வாங்குபவர், வங்கிக்கு வட்டி கட்டவே சந்தைக்குப் பிடித்த ஒயினைச் செய்தாக வேண்டும். நிலம் கைவசம் இருப்பவர், பெருக்க ஆசைப்படாதவரை, சந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஐந்து ஹெக்டேரோடு நின்றதுதான் இங்கே முக்கியமான முடிவு என்பது என் கருத்து. பீப்பாய் சண்டை அதற்கு மேலே தெரிந்த நுரை.

மூன்றாவது, கைச்செலவுக்குப் பணம். பரோலோ அறுவடையாகி விற்பனைக்கு வர நான்கு வருஷம் ஆகும். அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே? தென்னை காய்க்கும்வரை ஊடுபயிர் போட்டுச் சமாளிப்பது போல, இங்கே தொல்சேத்தோ, பார்பெரா, ஃப்ரெய்ஸா என்று சீக்கிரம் விற்றுவிடக்கூடிய மற்ற சிவப்பு ஒயின்கள் உண்டு. இந்த வீட்டின் ஃப்ரெய்ஸா லேசாக நுரைக்கும் வகை, விவசாயிகள் சாப்பாட்டோடு குடித்த மலிவு ஒயின். அதற்கு வெளிநாட்டில் அன்று மதிப்பே கிடையாது. பரோலோ மட்டுமே லாபம் என்று பலர் மற்ற கொடிகளைப் பிடுங்கி நெபியோலோ நட்டபோதும் இவர்கள் அதை வைத்திருந்தார்கள். எல்லா ரகமும் சேர்த்து ஆண்டுக்கு முப்பதாயிரம் பாட்டிலை ஒட்டித்தான் வரும்.

நான்காவதை யாரும் திட்டமிட முடியாது: பாகப்பிரிவினை வரவில்லை. இத்தாலியச் சட்டத்தில் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. நான்கு பிள்ளைகள் இருந்திருந்தால் ஐந்து ஹெக்டேர் நான்கு துண்டாகியிருக்கும், அல்லது மூன்று பேருக்குப் பணம் கொடுக்க நிலத்தை விற்க வேண்டி வந்திருக்கும். இங்கே ஒரே மகள். இத்தாலியில் வாரிசு வரியும் இலகுவானது. பார்த்தோலோ இறந்த 2005இல் அந்த வரியே நடப்பில் இல்லை. 2006இல் திரும்பி வந்த பிறகும் பிள்ளைக்குப் போகும் சொத்தில் பத்து லட்சம் யூரோவரை வரி கிடையாது, அதற்கு மேல் நான்கு சதவீதம். ஆகவே நிலத்தின் விலை வானத்துக்குப் போனாலும், தந்தை இறந்த ஒரே காரணத்துக்காக விற்க வேண்டிய நெருக்கடி வரவில்லை. மற்றவர்களுக்கு இப்படி வாய்க்கவில்லை, அல்லது வேறு முடிவு எடுத்தார்கள். 2016இல் பரோலோ வட்டாரத்தின் பெயர்பெற்ற வியெட்டி வீடு ஒரு அமெரிக்கக் குடும்பத்திடம் கைமாறியது. அதே ஆண்டின் முடிவில் தஸ்கனியில் புரூனெல்லோ என்ற ஒயினையே உருவாக்கிய பியொந்தி-சாந்தி குடும்பம் பெரும்பங்கை ஒரு பிரெஞ்சுக் குழுமத்துக்குக் கொடுத்தது. அவர்கள் ஒயினில் ஒரு குறையும் இல்லை. ஒயின் நன்றாக இருந்தால் குடும்பம் நிலைக்கும் என்பதில்லை.

கலப்பதா, பிரிப்பதா

பீப்பாய்ச் சண்டை எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிட ஆழமான சண்டை ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. அதில்தான் இந்த வீடு நிஜமாகவே தனித்து நிற்கிறது.

1961வரை பரோலோ பாட்டிலில் தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தனியாக விற்பது வழக்கமில்லை. அந்த ஆண்டு அறுவடையிலிருந்து வியெட்டி ஒன்று, ப்ரூனோத்தோ ஒன்று என்று தனித்தோட்ட ஒயின்கள் வந்தன. 1970களில் ரெனாத்தோ ராத்தி என்பவர் எந்தச் சரிவு எவ்வளவு உசத்தி என்று வரைபடமே போட்டார். 2010இல் அரசு 181 பெயர்களை அதிகாரபூர்வமாக அங்கீகரித்தது. தோட்டப் பெயர் இருந்தால் விலை கூடுதல். இன்று பாரிக்கை எதிர்க்கும் பழமைவாதிகள்கூடத் தனித்தோட்ட ஒயின் போடுகிறார்கள்.

மஸ்காரெல்லோ வீட்டுக்குக் கன்னூபியில் நிலம் இருக்கிறது. பரோலோ முழுவதிலும் மிகப் பழைய பெயர் அதுதான். 1752 என்று ஆண்டு போட்டுக் கன்னூபி என்று எழுதிய பாட்டில் ஒன்று பக்கத்து ஊரான ப்ராவில் ஒரு குடும்பத்திடம் இன்னும் இருக்கிறது. பரோலோ என்ற பெயரே ஒயினுக்குப் பரவலாகாத காலம் அது. அப்படிப்பட்ட பெயரைத் தனியாகப் போட்டு விற்றால் காசு கொட்டும். இவர்கள் அந்தப் பழத்தை மற்ற மூன்று தோட்டத்துப் பழத்தோடு சேர்த்து ஒரே தொட்டியில் போட்டு, வெறும் பரோலோ என்று விற்கிறார்கள்.

இதில் சென்டிமென்ட் மட்டும் இல்லை. ஒரு சரிவு வாசனை கொடுக்கும், இன்னொன்று கட்டுமானம் கொடுக்கும். வெயில் அதிகமான ஆண்டில் ஒன்று தளர்ந்தால் மற்றொன்று தாங்கும். ஆலங்கட்டி மழை ஒரு குன்றில் அடித்தால் அடுத்த குன்று தப்பித்திருக்கும், லாங்கேயில் அது சாதாரணம். சாம்பார்ப் பொடிக்கு மல்லியைத் தனியாக வைத்து ‘இது சுத்தமான மல்லி’ என்று யாரும் பெருமைப்படுவதில்லையே. ஆனால் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: கலந்துவிட்டால் எந்தச் சரிவு என்ன கொடுக்கிறது என்று குடிப்பவனுக்கு ஒருநாளும் தெரியாது. தனித்தோட்டக்காரர்கள் கேட்கும் கேள்வி நியாயமானதே.

காற்று திரும்பியபோது

2000களின் பின்பாதியில் காற்று திரும்பியது. வெனிலா வாசனை அலுத்துவிட்டது. பாரிக் இளைஞர்களில் பலர், இப்போது நடுவயதுக்காரர்கள், பெரிய பீப்பாய்க்குத் திரும்பினார்கள். ஊறும் நாட்களை நீட்டினார்கள். பாரம்பரியக்காரர்களும் சும்மா இருந்துவிடவில்லை, நிலவறை சுத்தம் என்பதில் எதிர்க்கட்சியிடம் பாடம் கற்றார்கள். சண்டை முடிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. இரண்டு பக்கமும் நடுவில் வந்து நின்றிருந்தது, அவ்வளவுதான்.

தட்பவெப்பமும் ஒரு கை கொடுத்தது. முன்பு அக்டோபர் நடுவில், சில ஆண்டு கடைசியில்கூட, பனிக்குள் நின்று பறித்த நெபியோலோவை இப்போது பல ஆண்டுகளில் அக்டோபர் தொடக்கத்திலேயே பறிக்கிறார்கள். பழம் முழுதாக முற்றுகிறது, பச்சைத் துவர்ப்பு குறைகிறது. தாத்தா காலத்தில் பத்தில் மூன்று ஆண்டு நன்றாக வந்தால் பெரிது. இன்று நீண்ட ஊறலுக்குப் பழம் தாங்குகிறது. பார்த்தோலோ ஜெயித்தார் என்று சொல்பவர்கள் இந்த உதவியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜெயித்ததற்கு ஒரு விலையும் இருந்தது. விவசாயி சாப்பாட்டு மேசையில் வைக்க வேண்டிய ஒயின் என்று வாழ்நாள் முழுக்கப் பேசிய இடதுசாரியின் பாட்டில் இன்று ஏலத்தில் போகிறது. அவர் கையால் வரைந்த லேபிள் ஒட்டியிருந்தால் விலை இன்னும் மேலே. பெர்லுஸ்கோனி வேண்டாம் என்று எழுதிய பாட்டிலை வாங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைப்பவர்கள் யாராக இருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. முப்பதாயிரம் பாட்டிலை உலகமே கேட்டால் இதுதான் நடக்கும். வளர மாட்டேன் என்ற முடிவு குடும்பத்தைக் காப்பாற்றியது, அதே முடிவு அந்த ஒயினைச் சாதாரண மனிதன் கைக்கு எட்டாமலும் ஆக்கியது. இதற்கு மரியா தெரேசாவிடம் விடை இருக்கும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

கன்னூபி வழக்கு

அவர் போட்ட சண்டை வேறு. கன்னூபிக் குன்று நீளமானது. நடுவில் சுமார் 15 ஹெக்டேர்தான் ஊர்க்காரர்கள் ‘கன்னூபி’ என்று சொல்லும் இடம். அதன் இரு பக்கமும் கன்னூபி போஸ்கிஸ், கன்னூபி முஸ்கத்தெல், கன்னூபி வல்லெத்தா, கன்னூபி சான் லொரென்ஸோ என்று ஒட்டுப்பெயரோடு வரும் துண்டுகள். எல்லாம் சேர்ந்தால் 34 ஹெக்டேர். 2010 விதிகள் வந்தபோது, ஒட்டுப்பெயர்த் துண்டுக்காரர்களும் வெறும் ‘கன்னூபி’ என்றே எழுதிக்கொள்ளலாம் என்று அரசு அனுமதித்தது. நடுத்துண்டில் நிலம் வைத்திருந்த 11 பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். முன்னால் நின்றவர் மரியா தெரேசா.

நம் ஊரில் வரப்புத் தகராறு பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு அடி நிலம்கூடக் கைமாறவில்லை, பெயர்தான் கைமாறுகிறது. ஆனால் பெயர்தான் விலை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரை வைத்து ஒரு யூரோகூடக் கூடுதலாகச் சம்பாதிக்காதவர் அவர். கலவை ஒயின் என்பதால் அவர் வீட்டுப் பரோலோ கன்னூபி என்ற பெயரில் விற்பனைக்குப் போவதில்லை.  அப்படியும் வழக்குப் போட்டார்.

2012இல் ரோமில் லாட்சியோ நிர்வாக நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2013இல் மேல்முறையீட்டில் கவுன்சில் ஆஃப் ஸ்டேட் அதைப் புரட்டிப் போட்டது. இப்போது 34 ஹெக்டேரிலும் விளைகிற எதையும் கன்னூபி என்று எழுதலாம். தோற்ற அந்த வருஷமும் இலையுதிர் காலத்தில் மஸ்காரெல்லோ வீட்டுக் கன்னூபிப் பழம், சான் லொரென்ஸோ, ருவே, ரொக்கே பழத்தோடு சேர்ந்து சிமென்ட் தொட்டிக்குள் போனது.